ஏழரை

எங்கள் கிடங்கில் ஒரே எண்தான், ஏழரை.
சொன்னதும் நம்மவர்கள் சிரிப்பார்கள்.
சனியைப் பெட்டி பெட்டியாய் அடுக்கிவைத்துச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
களிமண் வட்டை உடைக்க அது போதும்.
இருபத்தைந்து தோட்டா கொடுத்தால்
இருபத்தைந்து கூடு திரும்பி வரவேண்டும்.
ஒன்று குறைந்தால் புல்லில் முழங்காலிட்டுத் தேடுவோம்,
சுவா சூ காங்கில் மழை பிடித்தாலும்.

ஜூன் மாதம் டப்போவுக்குப் போகிறார்
திரு ஹெங் போன் கியாட்.
மகளைக் கட்டியவருக்கு அங்கே ஆட்டுப் பண்ணை.
முயல் மேய்ச்சலைத் தின்கிறதாம்.
நரி, பிறந்த குட்டியின் நாக்கைத் தின்கிறதாம்.
"எதற்கு எந்தத் தோட்டா, தாட்சா?"
கோப்பி ஓவை என் பதிவேட்டின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.
எடுத்து, வட்டக் கறையைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்:

எண் ஏற ஏற ரவை இளைக்கும்,
அதை முதலில் மனத்தில் வையுங்கள்.
முயலுக்கு ஐந்தோ ஆறோ, முப்பது கிராம்.
அதையே நரிக்குப் போட்டால்
மயிரைத் தாண்டித் தோலடியில் நின்றுவிடும்;
அது ஓடிப்போய் நாலு நாள் கழித்து
உங்களுக்குத் தெரியாத புதரில் சாகும்.
நரிக்குப் பருத்த ரவை, பிபி, முப்பத்தாறு கிராம்,
குழல்முனை இறுக்கமாக.
முப்பது மீட்டரைத் தாண்டினால் விரலை எடுத்துவிடுங்கள்.
விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி மாட்டுங்கள்.
வெள்ளை வெளிச்சத்தில் ஒருமுறை ஏமாந்த நரி
மறுமுறை திரும்பிப் பார்க்காது.
காதுக்கு அடைப்பு. ஜூனில் அங்கே குளிர்,
விரல்நுனி திறந்த கையுறை.
அட்டையில் நரி வரைந்து, சுட்டு,
உடம்புக்குள் விழுந்த ஓட்டைகளை மட்டும் எண்ணுங்கள்.

உடனே வரைந்தார், ரசீதின் பின்பக்கம்.
நாயாக வந்தது.
வாலைத் தடிப்பாக்கியதும் அணிலானது.
"நீ எத்தனை நரி பார்த்திருக்கிறாய்?"
ஒன்று. தொடக்கப்பள்ளிப் பயிற்சிநூலில்.
அதற்குச் சிவப்பு தீட்டியதே நான்தான்.

முயல் என்றால் தினமும் பார்க்கிறேன்.
ஆரஞ்சு வட்டு, தரையோடு உருண்டு வரும்,
கல்லில் தட்டித் துள்ளும்.
சுடுகளத்தில் அதற்குப் பெயரே முயல்.
பிடித்தவர்கள் மூன்று கால் என்று சாதிக்கட்டும்,
எங்கள் முயலுக்கு ஒரு காலும் கிடையாது.

ஜூலை மூன்றாம் ஞாயிறு வந்தார்.
மூக்குத் தோல் உரிந்திருந்தது.
எண் சரி, எடை சரி, விளக்கும் சரி என்றார்.
நரியை மருமகன் அடித்தார், ஒரே வெடி.
போய்த் தூக்கியது இவர்.
"எங்கள் வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்."
முயல்?
ஆறிப்போன கோப்பியை ஊதினார்.
"அது நின்றுவிட்டது, தாட்சா."

முப்பது வருடம் உருளுவதையே சுட்ட கை.
ஓடி வரப்போகும் இடத்தைக் கணக்குப் போட்டு
ஒரு முழம் முன்னால் சுட்டிருக்கிறது.
அது வரவில்லை.
புழுதி அடங்கியபோது, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து
முகம் கழுவிக்கொண்டிருந்ததாம்.
"இரண்டாவது குழலில் தோட்டா இருந்தது," என்றார்.
மேலே சொல்லவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்த எல்லாவற்றையும்
நான் அவருக்குச் சொல்லியிருந்தேன்.
நிற்கிறதற்கென்று
எந்தப் பெட்டியிலும் ஒரு வரி இல்லை.

ஏழரை இருபத்தைந்து வாங்கிக்கொண்டு இறங்கினார்.
இருபத்து நான்கும் வானத்தில் தூள்.
கடைசிக்கு முயல் கேட்டார்.
விசையைத் தட்டினேன்.
உருண்டது, கல்லில் பட்டது, துள்ளியது,
வலையில் மோதிச் சாய்ந்தது,
விளிம்புகூட உடையாமல்.
துப்பாக்கி தோளில்தான் இருந்தது.

வட்டை எடுத்து மண் தட்டிப் பெட்டியில் போட்டேன்.
கூடு இருபத்து நான்கு,
வெடிக்காத தோட்டா ஒன்று,
எண்ணி வாங்கினேன், கையெழுத்துப் போட்டார்.
காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
'ஈரம்' என்று எழுதினேன்.
அன்று மழை
இரண்டு மணிக்குப் பிறகுதான் வந்தது.