இரண்டு கேன்

மீட்டரின் முனையை டம்ளரில் நட்டேன்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

எங்கள் போர் தொள்ளாயிரம் அடி.
அங்கிருந்து ஏறி வருவதைத்
தண்ணீர் என்று வரி ரசீதில் எழுதியிருக்கிறது.
குளியலறைக் குழாய்க்கு வெள்ளையாய்ப் பல் முளைத்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறையில் டிஸ்கஸ் வளர்க்கிறவள்
எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.
தோசைத் தட்டு மாதிரி இரண்டு.
எது ஆண், எது பெண் என்று
முட்டை வரும்வரை எனக்கே குழப்பம்.

ஆறு முறை இட்டாள்.
மண்கூம்பை இருவருமாய் வாயால் துடைத்து,
கீழிருந்து மேலாக,
காஜா எடுப்பதுபோல் நெருக்கி நெருக்கி.
ஆறு முறையும் மூன்றாம் நாள்
ஜவ்வரிசியாய் வெளுத்தன.
அவனே தின்று தீர்த்தான்.

“சுண்ணாம்புங்க்கா” என்றான் மீன்கடை ஷெரீப்.
“முட்டைத் தோல் இறுகிப் போயிரும்,
ஆம்பளையோடது உள்ள ஏறாது.
மீட்டர் நூறுக்குக் கீழ காட்டணும்.
பி.எச். ஆறு, மிஞ்சிப்போனா ஆறரை.”

அதனால் சனிக்கிழமைகளில்
வேலந்தாவளம் தாண்டி என் ஸ்கூட்டி போகிறது.
குனியமுத்தூரில் நாத்தனார் வீடு,
சிறுவாணிக் குழாய்.
இருபது லிட்டர் கேன் இரண்டு:
ஒன்று காலுக்கிடையில், ஒன்று முதுகுக்குப் பின்னால்
கயிற்றில்.

செக்போஸ்ட்டில் ஒருநாள் கை காட்டினார்கள்.
ஸ்பிரிட் கடத்துகிற வழியல்லவா.
மூடியைத் திருகி மோந்தான் புதுப் போலீஸ்காரன்.
“எந்தா இது?”
தண்ணி.
“ஏன், கேரளத்தில வெள்ளம் இல்லே?”
இதுவே உங்க வெள்ளந்தான் சார்.
உங்க மலையில பெஞ்சு அந்தப் பக்கம் போயிருச்சு.
திருப்பிக் கூட்டிட்டு வர்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தான்.
இன்னொரு வாய்.
போ என்றான்.

குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வைக்க வேண்டும்.
சர்ச் வளாகத்து வாதாமரத்துச் சருகு மூன்று,
கடுங்காப்பி நிறம் இறங்கும்வரை.
ஹீட்டர் இருபத்தொன்பதில்.
மீட்டர் அறுபத்து மூன்று.

ஏழாவது ஈடு.
மூன்றாம் நாள் வெளுக்கவில்லை.
கூம்பு முழுக்க மிளகுப் பொடி,
உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் துடித்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தால்
பெனடிக்ட் கேனைத் திறந்து டீ போட்டிருக்கிறான்.
தெரியாமல் எடுத்துட்டேன் என்றான்.
தெரியாமலா, எழுதி ஒட்டியிருக்கேனே,
நாளைக்குத் தண்ணி மாத்தணுமே என்று கத்தினேன்.
அவன் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றான்.

குடித்தேன்.
பதினொரு வருஷமாய் இந்த வீட்டில் டீ போடுகிறேன்.
தேயிலைக்கு ஒரு மணம் உண்டென்று
யாரும் சொல்லவில்லை.
மேலே அந்தப் பிசுக்குப் படலம் இல்லை.
இரண்டு முறை கல் உடைத்த விலாவைத் தேய்த்தபடி
அவனும் குடித்தான், சத்தமில்லாமல்.

ராத்திரி பன்னிரண்டு இருக்கும்.
குஞ்சுகள் கூம்பைவிட்டுப் புகைபோல் எழுந்து
தகப்பன் விலாவில் அப்பிக்கொண்டன.
அவன் தோலில் ஊறுவதுதான் அவற்றுக்குச் சோறு.
அசையாமல் நின்று கொடுத்தான்.
பிறகு ஒரு உதறு;
அத்தனையும் அம்மாமேல்.

பெனடிக்ட் எண்ணத் தொடங்கி
நாற்பதில் விட்டுவிட்டான்.

“சனிக்கிழமை நானும் வண்டி எடுக்கறேன்.
நாலு கேனா எடுத்துக்கலாம்.
ரெண்டு மீனுக்கு” என்றான்.
மீதி ரெண்டைப் பற்றி
நானும் கேட்கவில்லை.