கீழ்த்தளம்

வாடகை குறைவென்று முருகேஷ்பாளையத்தில்
தரைத்தளம் எடுத்தவள் நான்.
மூன்று மாடி சமைப்பதும் கழுவுவதும்
ஒரே குழாயில் இறங்கி
என் குளியலறைத் துளைத்தட்டை
ஒருமுறை தட்டிவிட்டுத்தான் தெருவுக்குப் போகும்.

போகாத நாளில் உள்ளே வரும்.

செவ்வாய் என்றால் கடுகும் கறிவேப்பிலையும்.
சனி இரவு இரண்டாம் மாடிப் பையன்களின்
பிரியாணி எண்ணெய்,
காலையில் ஆரஞ்சு மெழுகாக உறைந்து.
காப்பித்தூள் யார் வீட்டதென்று தெரியும்.
நீள முடி யாருடையதென்றும்.
ஒருமுறை ஒரு பால்பல் வந்தது.
அதை மட்டும் கழுவி
மூன்றாம் மாடி ரோஹிணியிடம் கொடுத்தேன்.
குழந்தை இரண்டு நாள் அழுததாம்.

ஆசிட் ஊற்றுங்கள் என்றார் வீட்டுக்காரர், போனில்.
ஊற்றினேன். போதாதென்று
பிளீச்சிங் பவுடரும் இரண்டு கரண்டி.
மஞ்சளும் பச்சையுமாக ஒன்று எழுந்து நின்றது.
தெருவில் போய் உட்கார்ந்து
பள்ளி வேன் வரும்வரை இருமினேன்.
அடைப்பு அசையவில்லை.

ஞாயிறன்று தண்ணீர் கணுக்கால் வரை.
கெம்பராஜு வந்தார். ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுச்
சுற்றினார், சுற்றினார்,
முரண்டு பிடிக்கும் மாட்டை இழுப்பவர்போல்
பின்னால் சாய்ந்து இழுத்தார்.

வந்தது.
கை நீளம், தொடைக் கனம்.
வெள்ளை என்றும் சொல்ல முடியாத
சாம்பல் என்றும் சொல்ல முடியாத ஒரு கட்டி.
பழைய பேப்பர் விரித்துக் கிடத்தினார்.
எல்லா மாடியும் இறங்கி வந்து மூக்கைப் பொத்தியபடி
அடையாளம் காட்ட வந்தவர்கள் போல நின்றது.
யாரும் உரிமை கோரவில்லை.

"சுடுதண்ணி ஊத்தித்தானே விடறோம்" என்றது முதல் மாடி.
"சுடுதண்ணி முதல் வளைவு வரைக்கும் சூடு.
அப்புறம்?" என்றார் கெம்பராஜு.
கஞ்சித்தண்ணி சரி, சோப்புத்தண்ணி சரி,
சோறு வேண்டாம்.
எண்ணெய் வேண்டவே வேண்டாம்.
சொல்லிக்கொண்டே
ஸ்க்ரூடிரைவரால் கட்டியைப் பிளந்தார்.

உள்ளே நூல். மெல்லிய வெள்ளை நூல்.
எல்லார் எண்ணெயையும் எல்லார் முடியையும்
மாலை போலத் தொடுத்து வைத்திருந்தது.
பட்டம் விடுகிற நூலா, தையல் நூலா என்றார்கள்.

புருவம் எடுக்கிற நூல்.
ஒரு முனையைப் பல்லில் கடித்து நான் இழுக்கும் நூல்.
முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி,
வாரத்துக்கு இருபது முகம்.
மாலையில் தரையைக் கழுவித் தள்ளிவிடுவேன்.

சொல்லவில்லை.
என் பங்கு இருநூற்றைம்பதை எல்லாருக்கும் முன்பு நீட்டினேன்.

பணத்தை வாங்கும்போது நூலைப் பார்த்தார்.
என் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பைப் பார்த்தார்.
"உங்களுக்குக் கீழ யாரு மேடம் இருக்காங்க?"

யாருமில்லை, நான்தான் கடைசி என்று
ஆறு வருடம் புலம்பியவள்.

புதன்கிழமை நல்ல மழை.
பெல்லந்தூர் வழியாக வந்த பஸ்ஸில்
ஏரி நுரை சாலைக்கு ஏறி வந்து
ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.
பனி, பனி என்று ஒரு பிள்ளை கத்தியது.
என் தலைச்சாயத்தின் நிறம் அதில் இருக்கிறதா என்று பார்த்தேன்.
வெள்ளைதான்.
எல்லாம் கலந்தால் வெள்ளையாகிவிடும் போல.

இப்போது எண்ணெயைப் பால் கவரில் ஊற்றி முடிச்சிடுகிறேன்.
நூலுக்கு ஒரு பிஸ்கட் டின்.
மிச்சச் சாயமும்
நகப்பூச்சைக் கழுவும் திரவமும்தான் இடமில்லாதவை.
ஆறரைக்குக் குப்பை ஆட்டோ பாட்டோடு வரும்.
யல்லம்மா பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள்.
ஈரக் குப்பையா, இல்லை. உலர் குப்பையா, இல்லை.
"இதுக்கு என் வண்டில டப்பா இல்லம்மா"
மூடியை இறுக்கித் திருப்பித் தந்தாள்.

கட்டிலுக்கடியில் ஏழு சேர்ந்துவிட்டன.
இரவில் யாரோ மேலே ஃப்ளஷ் இழுக்க
சுவருக்குள் தண்ணீர் விழுந்து
என்னைத் தாண்டிப் போகிறது.
புரண்டு படுக்கிறேன்.
பாட்டில்கள் ஒன்றையொன்று
லேசாக இடித்துக்கொள்கின்றன.