கடைசிப் பதினொரு பக்கம்

ஒட்டுசுட்டான் பள்ளிக்கூட நூலகப் புத்தகம்.
கடைசிப் பதினொரு பக்கத்தைக்
கறையான் வாசித்து முடித்துவிட்டது.
கதைக்கு முடிவு சொல்வது எங்கள் வேலை.

யதுர்சி பென்சிலால் கோடிழுக்கிறாள்:
பக்கம் நாலு, ஆட்காட்டி இரண்டு தரம் கத்துகிறது.
இருபதில் எறும்பு முட்டை காவுகிறது.
ஆகவே குளம் உடைக்கும்,
ஆகவே நாய்க்குட்டி

"அது சாகாது," என்றான் கிருசாந்தன்.
சான்று?
"அதுக்குப் பேர் வைச்சிருக்கினம்."

முதல் பக்கத்துப் பாலைமரம்
பிறகு ஏன் வரவேயில்லை, கேட்டேன்.
சும்மா நிழலுக்கு என்றாள்.
எழுதினவர் மறந்திருப்பார் என்றான்.

பின்னேரம், முத்தையன்கட்டு ரோட்டில்
ஆட்காட்டி கத்தியது. இரண்டு தரம்.
மூன்று சைக்கிளும் பிரேக் பிடித்தன.
வெயில். ஒரு உழவு மெசின். வேறொன்றுமில்லை.
கிருசாந்தன் மட்டும்
வீடு வரும்வரை
தன் நாயின் பெயரைச் சொல்லிச் சொல்லி மிதித்தான்.