ஓரத்தில் எழுதியது

ராயபுரத்தில் பழைய உப்புக் கிடங்கு,
இப்போது ஓவியக்கூடம்.
கடல்காற்று ஏழாம் கேமராவை
வாரம் ஒருமுறை குருடாக்கும்.
நான்தான் துடைப்பேன்.

நேற்று மூடியபின்
பல்பு மாற்ற ஏறினான் மதலைமுத்து.
பெல்ட் ஸ்டோரில்,
ஸ்டோர் சாவி மேனேஜரோடு மணலியில்.
"ரெண்டு நிமிஷ வேலைக்கா?" என்றான்.
ஏணி வழுக்கியது.
அவன் கை படத்தின் சட்டத்தைத் தொட்டதும்
அலாரம் அலறியது.

நாலு பேர் ஓடிவந்தோம்.
மூன்று டார்ச் படத்தின்மேல்.
அதில் ஒன்று என்னுடையது.

பதிவேட்டில், 'ஓவியத்துக்குச் சேதம்':
இல்லை.
அடுத்த கட்டமே கிடையாது.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்:
மதலைமுத்து, இடது மணிக்கட்டு,
ஸ்டான்லியில் மாவுக்கட்டு.

காலையில் கையெழுத்துப் போட வந்தவர் கேட்டார்:
"ஓரத்துல என்னய்யா கிறுக்கல்?"

"ஸ்கேல் இருக்கா சார்?" என்றேன்.