தொள்ளாயிரத்து நாற்பது நானோமீட்டர்

சின்னப்பாலம். காலை பதினொன்று.
வத்தம் முடிந்து நீர் ஏறத் தொடங்கியாயிற்று.
ஏலக் கொட்டகைத் தகரத்துக்குக் கீழே
என் மேசை, ஒரு டப்பா, ஒரு கிளிப்பு,
அதற்குள் கண்ணுக்குத் தெரியாத விளக்கு.

"எரியுதா?" என்கிறாள் செங்கோல்மேரி.
எரிகிறது.
நம்பவில்லை.
செல்போன் கேமராவை அதன்மேல் பிடித்தேன்.
திரையில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பொட்டு.
"அட, களவாணி."

விரல் கேட்டேன்.
சுற்றியிருந்த சேலைக் கிழிசல்களை
ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிப் பிடுங்கி
காய்த்து, வெடித்து, மறுபடி காய்த்த தோல்.
உள்ளே போன ஒளி வெளியே வரவில்லை.
ஐந்து விரல், ஐந்து பிழை.

காதுமடலுக்கு மாற்றினேன்.
தோடு பேங்கில் இருக்கிறது, ஓட்டை மட்டும் இங்கே.
அதைத் தவிர்த்துச் சற்றுக் கீழே மாட்டினேன்.
வெயில் கசிந்தது, அவள் துண்டாலேயே காதை மூடினோம்.
மூச்சை அடக்காதீங்க என்றேன்.
"அடக்கித்தான் பழக்கம்."

நூற்று அறுபத்து நாலு.

ரத்தம் பெரும்பாலும் தண்ணீர்தான்.
ஒளியைக் கேட்டால் தண்ணீர்க் கதையே சொல்லும்,
சர்க்கரையை நடுவில் எங்கோ முணுமுணுத்துவிட்டுப் போகும்.
அந்த முணுமுணுப்புக்காக எனக்கு மூன்று வருடம்.
தனுஷ்கோடியில் கடலுக்குப் பத்தடி தள்ளி
மணலைத் தோண்டி நல்ல தண்ணி மொண்டவளுக்கு
இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

விளக்கத் தயங்கியது வேறு.
குத்தாத கருவிக்கு
குத்தித்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.
இருபது நாள், நாளுக்கு மூன்று தடவை.

ஊசியைப் பார்த்துச் சிரித்தாள்.
"பாறை தெனமும் சும்மாவே குத்துது. இந்தா."
சுண்டுவிரலில் இன்றைய வெட்டு, இன்னும் சிவப்பாக.
எப்போது பட்டது?
"தெரியல."
கடல் கலந்த ரத்தம் கணக்கில் வராது.
கழுவித் துடைத்து மோதிரவிரலில் குத்தினேன்.
அவள் வல்லத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.
"குத்தலையா இன்னும்?"

வலிக்காத கருவி என்று
நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

இருநூற்று முப்பத்தொன்று.

"ரெண்டுல எது நான்?"
ஊசி சொன்னதுதான் என்றேன்.
மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள் என்றாள்,
பஸ் நேரம் சொல்வதுபோல.
நோட்டில் இரண்டையும் எழுதி
வித்தியாசம் அறுபத்தேழு என்றும் எழுதி
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பாதம் பார்க்கவும், நாளையே, என்று எழுதினேன்.

ஊசி பட்ட விரலுக்கும் சேர்த்துத் துணி சுற்றினாள்.
அடுத்தது பிலவேந்திரம்.
உப்புப் போக
காதைத் துடைத்துக்கொண்டே வருகிறாள்.