ஐம்பது நிமிடம், இரண்டு கோயில்

‘கோயிலுக்குப் போகணும்’ என்றேன்.
ஆட்டோக்காரர் பிள்ளையார் வாசலில் இறக்கிவிட்டார்.
என் தப்புதான்.
தேவகோட்டையில் அந்தச் சொல்லுக்கு
எத்தனை கதவென்று எனக்குத் தெரியாது.

ஓடிப்போய்ச் சேர்ந்தபோது
ரெஜினாள் குடையை விரித்திருந்தார்.
உரக் கம்பெனி விளம்பரக் குடை, ஒரு கம்பி தொங்கல்.
வாரநாளில் இன்சூரன்ஸ் முகவர்;
ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தால் வழிகாட்டி.
ஆளுக்கு நூற்றைம்பது. தண்ணீர் அவரவர் பாடு.

திருச்சியில் கட்டடக்கலை படிக்கிற பையன், கையில் டேப்.
பினாங்கிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சாத்தப்பன், சிகப்பி.
வீடு பார்த்து வீடு பார்த்து அலுத்தவர்கள்.
அப்புறம் நான், லிஃப்ட் மாட்டுகிறவன்.
ஹோட்டலாகப் போகிற ஒரு வீட்டில்
குழி தயார்; மோட்டார் இன்னும் வரவில்லை.

‘கூர்வளைவுன்னா என்ன?’ என்றார் சிகப்பி.
பையன் வாய் திறப்பதற்குள் ரெஜினாள்,
‘இட்லித் துணியை நடுவுல கிள்ளித் தூக்குங்க, ஆச்சி.
அதான்.’
சிகப்பி காற்றில் கிள்ளிப் பார்த்தார்.
பிறகு கண்ணில் பட்ட ஜன்னலையெல்லாம் கிள்ளினார்.

பெரிய கோயிலுக்குள்
காலடியில் ஆத்தங்குடிக் கல் குளிர்ந்தது.
கழுத்துக்கு மேலே வேறு தேசம்.
எனக்கு உயரம்தான் கண்ணில் படும், பழக்கதோஷம்:
நாற்பத்திரண்டு அடி இருக்கும்.
மூன்று மாடிக்கான காற்று.
நடுவே ஒரு தளம்கூடப் போடாமல்
அப்படியே விட்டிருக்கிறார்கள்,
வட்டிக் கணக்குத் தெரிந்த ஊரில்.

தூணிலிருந்து கிளம்பி உச்சியில்
ஒன்றையொன்று தொடும் விலாக்கள்.
‘இதுதான் பாரத்தைத் தாங்குது’ என்றான் பையன்.
‘தாங்கலை தம்பி.’ ரெஜினாள் குரலைத் தாழ்த்தினார்,
பக்கத்தில் நோயாளி படுத்திருப்பதுபோல.
‘மேலே தேக்குக் கூரை, அது தன்னைத் தானே பார்த்துக்குது.
இது வெறும் சுண்ணாம்பு.’
பையன் டேப்பைச் சுருட்டினான், முகம் விழுந்துவிட்டது.
எனக்கென்னவோ அவற்றின் மேல் பிரியம் வந்தது.
ஒன்றும் சுமக்காமல்
சுமக்கிறவன் மாதிரி இத்தனை வருஷம்
முதுகை வளைத்து நிற்பது லேசா?

சின்னக் கோயிலுக்கு எட்டு நிமிடம்.
ஒரே வீட்டின் பக்கச்சுவர்
தெரு முழுக்கக் கூடவே நடந்து வந்தது.
‘பங்காளி வீடு’ என்றார் சாத்தப்பன்.
‘பதினேழு பங்கு. பதினேழு சாவி.’

இங்கே ஒரே சாவி.
அதுவும் கோயில்பிள்ளை இன்னாசியின் இடுப்பில்.
இன்னாசியோ கல்லலில், ஒரு சாவு வீட்டில்.
மூன்று முறை போன் போட்டார். பாட்டுதான் கேட்டது.
‘ஆளுக்கு ஐம்பது திருப்பித் தந்துடறேன்.’
நாங்கள் ஒன்றும் சொல்லாமல் நின்றோம், வெயிலில்.

அப்போது கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி
அவர் சொல்லத் தொடங்கினார்.

‘உள்ளே நுழைஞ்சதும் இடப்பக்கம் செபஸ்தியார்.
ஒரு அம்பு குறையும், வெள்ளையடிச்சவங்க எடுத்துட்டாங்க.
பீடத்துக்கு மேலே ரோசாப்பூ ஜன்னல், பத்து இதழ்.
நாலுல கண்ணாடி போச்சு, பச்சை பிளாஸ்டிக் வச்சிருக்கு.
வெயில் விழுந்தா வித்தியாசம் தெரியாது.
அதுக்கு நேர் கீழேதான் கல்யாணத்துக்கு நான் நின்னேன்.
அவர் வரலை.
வலப்பக்கம் பாவசங்கீர்த்தனக் கூண்டு,
மேலே செதுக்கியிருக்கிறது திராட்சைக் கொடி,
செஞ்சவர் திராட்சை பார்த்ததில்லை போல,
பாகற்கொடி மாதிரி இருக்கும்.’

அவர் வலமென்றபோது வலம் பார்த்தோம்,
பூட்டிய பலகையை.
பாகற்கொடிக்குச் சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக.

பிறகு சாவித் துவாரம், வரிசையாக.
சிகப்பி நெடுநேரம் குனிந்திருந்தார்.
என் முறையில் எனக்குத் தெரிந்தவை:
தரையில் கையகலம் பச்சை வெளிச்சம்,
ஒரு பெஞ்சின் முனை,
யாரோ நிறுத்த மறந்த மின்விசிறி,
சுற்றிக்கொண்டே.
‘ஃபேன் ஓடுது’ என்றேன்.
‘ஓடும்’ என்றார் ரெஜினாள். அவர் குனியவில்லை.

ஐம்பதை யாரும் வாங்கவில்லை.
பையன் மட்டும் கதவின் அகலத்தை அளந்துகொண்டான்.

மறுநாள் மோட்டார் வந்தது.
குழிக்குள் தூக்குக்குண்டை இறக்கிவிட்டு அண்ணாந்தேன்.
இங்கே ஒரு தளம், இங்கே ஒன்று, அதோ அங்கே
என்று ஏணியேறிச் சாக்பீஸால் குறித்தேன்.
இரண்டாவது கோட்டில் கை கொஞ்சம் நின்றது.
கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்.
போட்டேன்.