குளிர்காலம், இரண்டாம் தட்டு

முதலில் விதையைக் காயப்படுத்த வேண்டும்.
உப்புத்தாளில் நாலு தேய்ப்பு போதும்,
கறுப்புத் தோல் மங்கி
உள்ளே ஒரு வெளுத்த புள்ளி தெரியும்.
இதிலிருந்து வாழ்க்கைப் பாடம் எதுவும் எடுக்காதீர்கள்.
யீஷூன் பலதுறை மருந்தகத்தில்
நாளுக்கு அறுபது கைகளில் ஊசி ஏற்றி
இரத்தம் எடுக்கிறவள் நான்.
துளை என்பது துளை.

பிறகு வெந்நீர், விரல் பொறுக்கும் சூட்டில்.
விடிவதற்குள்
உயிருள்ளது உளுந்துபோல் உப்பும்,
மற்றது போட்டபடியே கிடக்கும்.
முப்பதில் பதினொன்று உப்பின.

அவற்றை ஈர மணலில் புதைத்து
குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில்,
தோசைமாவுக்கும்
தம்பி விட்டுப்போன பியருக்கும் நடுவே
ஆறு வாரம்.
டப்பாவில் எழுதி ஒட்டினேன்:
சாப்பிடாதே, பனிக்காலம்.
வெளியே முப்பத்து மூன்று பாகை.
எதிர் புளோக்கின் ஏர்கான்கள் எல்லாம்
சொட்டிக்கொண்டிருந்தன.

தமிழில் இதற்குப் பெயரில்லை.
தின்ற ஆட்டுக்குப் பால் சுரக்குமென்று நம்பியவர்கள்
வைத்த பெயர் வேறு மொழியில் இருக்கிறது.
நம் கொழிஞ்சிக்கு ஒன்றுவிட்ட உறவு
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பக்கத்து வீட்டு மேடம் சுவா
சூப்பில் போடும் மஞ்சள் வேர்த்துண்டைக் காட்டி
இதுவா என்றார்.
அதன் காட்டுத் தங்கை என்றேன்.
காட்டுக்காரிக்கு
ஒன்பதாம் மாடியில் என்ன வேலை?

கொழுத்த மண் கொடுத்தால் அழுகிவிடும்.
மணல், உடைத்த செங்கல்,
கார்பார்க் ஓரம் தொட்டாற்சிணுங்கி படர்ந்த திட்டிலிருந்து
யாரும் பார்க்காதபோது அள்ளிய
ஒரு கைப்பிடி மட்டமான மண்.
வேர் நேரே இறங்கும், இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும்.
ஆகவே சட்டி வேண்டாம்,
நான் பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் நட்டேன்.
தண்ணீரை ஆசைப்பட்டு ஊற்றக் கூடாது.
மண் காய்ந்து,
நீங்கள் கவலைப்பட்டு,
அதற்கப்புறம் இரண்டு நாள்.

நாலு முளைத்தன.
ஒன்றை மைனா கொத்திப் பார்த்துத் துப்பிவிட்டது.
இரண்டு தண்டடியில் கறுத்துச் சாய்ந்தன.
மிஞ்சியதில் ஏழு இலைகள்,
ஒவ்வொன்றும் சீப்புப் பல்லாய்ச் சிற்றிலைகள்.
நகர மன்றக் கடிதம் வந்தது:
நடைபாதையில் தடை.
ஒரு சாண் உயரத் தடை!
மேடம் சுவா தன் செருப்பு அலமாரியை நகர்த்தி
இடம் விட்டார், ஒன்றும் சொல்லாமல்.

டிசம்பர் மழை பக்கவாட்டில் அடித்தது.
ஐந்து நாள் துணிகூடக் காயவில்லை.
ஆறாம் நாள் காலைப் பணிக்குக் கிளம்பும்போது
கிடந்தது.
பூ என்ன நிறமென்று
கடைசிவரை எனக்குக் காட்டவில்லை.

ஞாயிறன்று குழாயைப் பிளந்தேன்.
மேலே ஒரு சாண்.
கீழே என் முழங்கை நீளத்துக்கு வேர்,
அதில் கடுகு கடுகாக முடிச்சுகள்.
கார்பார்க் மண்ணிலிருந்த ஏதோ ஓர் அற்ப உயிரை
உள்ளே அழைத்து
அறை கட்டிக் கொடுத்திருக்கிறாள்.
யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்றை நகத்தால் கீறினேன்.
இளஞ்சிவப்பு.
இந்த நிறத்தை எனக்குத் தெரியும்,
இதன் அக்காளைத்தான் தினமும்
குழல் குழலாக நிரப்பிப் பெயர் ஒட்டுகிறேன்.
மூச்சுக்காற்றைப் பிடித்து வைக்க
செடியும் இதையே சமைக்கிறது.
விரல்நுனியைத் துடைக்காமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மண்ணைக் கொட்டவில்லை.
பொட்டலத்தில் இன்னும் இருபத்தாறு விதை.
உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.
தம்பியின் பியரை எடுத்துவிட்டால்
இரண்டாம் தட்டில் இடமிருக்கிறது.